தம்பி என்னிடம் சொன்னதும் பாவசங்கீர்த்தனமா?

கேள்வி:

மேடம், என் பெயர் போடாதீர்கள். அம்மா இறந்தபோது என் தம்பிக்குப் பதினொரு வயது, அவனை நான்தான் வளர்த்தேன், அதனால் இதை எழுதவே கை வரவில்லை. போன மாதம் வந்து என் முன்னால் உட்கார்ந்து அழுதான். எங்கள் கடைசித் தங்கையின் மகளிடம், அவளுக்கு ஒன்பது வயது, இரண்டு மூன்று முறை தப்பாக நடந்துகொண்டானாம். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. தவக்காலத்தில் கோயிலில் ஃபாதரிடம் தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டானாம், ஃபாதர் பாவமன்னிப்புக் கொடுத்துவிட்டாராம். "ஆண்டவரே மன்னிச்சிட்டார் அக்கா, உங்கிட்ட சொன்னதும் பாவசங்கீர்த்தனம் மாதிரிதான், வெளிய விட்டுடாத" என்கிறான்.

தங்கைக்கு ஒன்றும் தெரியாது. இவன் இன்னமும் அந்த வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான். எனக்கு ஃபாதர் மேல்தான் ஆத்திரம், இவ்வளவும் தெரிந்துகொண்டு எப்படிப் பூசை வைக்கிறார்? நான் சொன்னால் தம்பி ஜெயிலுக்குப் போவான். சொல்வது பாவமா?

பதில்:

பாவமில்லை. இன்றைக்கே சொல்லுங்கள். மீதியை அப்புறம் படித்தாலும் சரி, முதலில் தங்கைக்கு போன் போட்டு, பிள்ளையை அவனோடு தனியாக ஒரு நிமிஷம்கூட விடக்கூடாது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

சொல்லிவிட்டீர்களா? சரி, ஃபாதரிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கோபம் முழுக்க அங்கே போய் நிற்கிறது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 983ன்படி, பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு எந்தக் காரணத்துக்காகவும் வெளியிட முடியாது. நேரடியாக வெளியிட்டால் அந்தக் கணமே திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர் ஆகிவிடுவார். 1215இல் கூடிய திருச்சபையின் பொதுச்சங்கமான நான்காம் லாத்தரன் சங்கமே இதற்குத் தண்டனை விதித்திருக்கிறது. காவல்துறையில் சரணடைந்தால்தான் மன்னிப்பு என்று நிபந்தனை போடக்கூட அவருக்கு அனுமதி இல்லை, 2019இல் வத்திக்கான் இதை மறுபடியும் எழுதியே கொடுத்தது. சரணடையச் சொல்லி மன்றாடலாம், மனஸ்தாபம், அதாவது செய்த பாவத்துக்காக உண்மையான வருத்தம், இல்லையென்று தெரிந்தால் மன்னிப்பை நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான். உங்கள் தம்பி நிஜமாகவே போனானா, என்ன சொன்னான், அவர் என்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் அவன் வாயால் மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். நீங்கள் போய்க் கேட்டாலும் அவன் வந்தானா என்றுகூட அவர் சொல்லமாட்டார்.

இந்தச் சட்டம் சரியா? குழந்தைகள் விஷயத்தில் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எங்கள் ஆலோசனைத் தொழிலிலும் இரகசியம் உண்டு, ஆனால் ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் அதை உடைப்போம் என்று முதல் நாளே சொல்லிவிடுவோம். ஆஸ்திரேலியாவில் சில மாநிலங்கள் குருமார்களும் புகார் செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தன, ஆயர்கள் எதிர்த்தார்கள், அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. அது ஓயும்வரை உங்கள் தங்கை மகள் காத்திருக்க முடியாது.

பாவசங்கீர்த்தன இரகசியம் என்ற அந்த முத்திரை குருவின் வாய்க்குப் போட்டது. மொழிபெயர்க்க ஒருவர் உடனிருந்தால் அவருக்கும் உண்டு, பாவசங்கீர்த்தனம் நடக்கும்போது தற்செயலாகக் காதில் விழுந்தவருக்கும் உண்டு. உங்களிடம் அவன் பேசியது ஒரு வீட்டுக்குள், அக்காவிடம். நீங்கள் குரு இல்லை. உங்களைக் கட்டுவது நாட்டின் சட்டம்தான். எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இந்தியா என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, இது தெரிந்த யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்கிறது, சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம்வரை சிறை. உறவினருக்கு விலக்கு என்று அதில் எதுவும் இல்லை. 1098க்கு போன் செய்தாலும் வழி சொல்வார்கள். வேறு நாடு என்றால் அங்கே இருக்கும் குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

இன்னும் சில விஷயங்கள். தம்பியை முன்கூட்டியே எச்சரிக்காதீர்கள், அவன் போய்ப் பிள்ளையை மிரட்டவோ கெஞ்சவோ கூடும். பிள்ளையைச் சுற்றி உட்கார்ந்து "என்ன நடந்தது" என்று ஆளாளுக்குக் குடைய வேண்டாம், அதற்குப் பழகியவர்கள் ஒரே தடவையில் கேட்பார்கள். அவளாகச் சொன்னால் கேளுங்கள், "உன் மேல தப்பே இல்லடா" என்று சொல்லுங்கள், மாமாவுக்கு என்ன ஆகும் என்ற பாரம் அவள் தலையில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பியின் அழுகை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சிறுவயதில் நாம் ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்ததில் "இனி செய்வதில்லை என்ற பிரதிக்கினை" என்று ஒன்று உண்டே, அதைச் செய்தவன் மறுவாரமே கணக்குப் புத்தகத்தோடு அதே பிள்ளை பக்கத்தில் போய் உட்காருவானா? மன்னிப்பு வாங்கியதை அவன் உங்கள் வாயை அடைக்கப் பயன்படுத்துகிறான். வளர்த்த பாசத்தில் உங்களுக்கு அது தெரியவில்லை, அதற்காக உங்களைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனமில்லை. அவனை ஜெயிலுக்கு அனுப்புவது நீங்கள் இல்லை, அவன் செய்தது. போய்ப் பார்ப்பதும் வக்கீல் வைப்பதும் உங்கள் இஷ்டம், அக்கா என்ற உறவு அதோடு அறுந்துவிடாது.

ஃபாதரிடம் பேசியே ஆக வேண்டும் என்று தோன்றினால் புகார் கொடுத்த பிறகு போங்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போடாமல் அவருடைய அறையில் நாற்காலியில் உட்கார்ந்து பேசுங்கள். உள்ளே வைத்துச் சொன்னால் நீங்கள் சொன்னதற்கும் சேர்த்து அவர் வாய் பூட்டப்படும்.