வக்கீல் இல்லாமல் நுகர்வோர் ஆணையத்தில்

வணக்கம். 32,000 ரூபாய்க்கு வாங்கிய ஃபிரிட்ஜ் எட்டாவது மாதமே குளிராமல் போனது. இரண்டு முறை கேஸ் நிரப்பியும் சரியாகவில்லை. இப்போது, "உங்கள் வீட்டு வோல்டேஜ்தான் காரணம், வாரண்டி செல்லாது" என்கிறார்கள். இந்தத் தொகைக்கு வக்கீல் வைத்தால் கட்டுப்படியாகாது. நானே ஆணையத்தில் வழக்கு நடத்தலாமா? எனக்குக் கோர்வையாகப் பேச வராது.

வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள வாசகிக்கு,

தாராளமாக நடத்தலாம். பேச வராதது இங்கே பெரிய குறை இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இந்த வழக்குகள் பெரும்பாலும் பிரமாண வாக்குமூலத்தையும் (அஃபிடவிட்) ஆவணங்களையும் வைத்தே முடிவாகின்றன.

முதலில் தேட வேண்டியது, முதல் தடவை வந்த மெக்கானிக் எழுதிக் கொடுத்த சர்வீஸ் சீட்டு. அதில் "கேஸ் லீக்" என்று மட்டும் இருந்து, வோல்டேஜ் பற்றிப் பேச்சே இல்லையென்றால், நிறுவனம் இன்று சொல்வதற்கு அவர்கள் ஆளே எழுதிவைத்த மறுப்பு அது. சீட்டு தரவில்லையா? புகார் எண்ணைப் போட்டு மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வராவிட்டால், கேட்ட மின்னஞ்சலே ஆவணமாகும். வாட்ஸாப் உரையாடலை பிரிண்ட் எடுக்கும்போது எதிராளியின் எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். வழக்கு முடியும்வரை அந்த போனை மாற்ற வேண்டாம். கடை பில் வெப்பத்தாளில் அச்சானது என்றால் எழுத்து மங்கிவிடும்; இன்றே நகல் எடுங்கள்.

மனுவில் கடைக்காரர், தயாரிப்பு நிறுவனம் இருவரையும் எதிர்தரப்பினராகச் சேருங்கள். ஒருவரை விட்டால், இருப்பவர் பழியை இல்லாதவர் மேல் தள்ளிவிடுவார். பத்திக்கு எண் போட்டு, தேதி வரிசையில், பத்திக்கு ஒரு சம்பவமாக எழுதுங்கள். ஃபிரிட்ஜின் விலை, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு என்று கேட்பதைத் தனித்தனியாகக் கேளுங்கள். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. கடை வெளியூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். கெடு 2 ஆண்டு. அடுத்தடுத்து நோட்டீஸ் அனுப்பிக்கொண்டிருப்பதால் இந்தக் கெடு நீளாது.

தாமாக வழக்கு நடத்துபவர்கள் அதிகம் சறுக்குவது இதற்குப் பிறகுதான். எதிர்தரப்புக்குப் பதிலுரை தர 30 நாள், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள். அதற்கு மேல் கிடையாது. அது வந்ததும் வரிவரியாகப் படித்து, உங்கள் நிரூபண வாக்குமூலத்தை, அதாவது சாட்சியமாகத் தரும் பிரமாண வாக்குமூலத்தைத் தயாரியுங்கள். மனு கொடுத்தாயிற்றே, அதுவே சாட்சியம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அப்படியல்ல. சம்பவங்களை உறுதிமொழியாகச் சொல்லி, நோட்டரி முன் கையெழுத்திட்டு, ஒவ்வொரு ஆவணத்தையும் சான்றாவண எண்ணோடு குறிப்பிட வேண்டும். மனுவில் இல்லாத புதுச் சம்பவத்தை இதில் நுழைத்தால் எதிர்தரப்பு ஆட்சேபிக்கும். வோல்டேஜ் விஷயத்தில், அதே இணைப்பில் மற்ற சாதனங்கள் பழுதில்லாமல் ஓடுவதையும் ஸ்டெபிலைசர் இருந்தால் அதன் பில்லையும் மனுவிலேயே சொல்லிவிடுங்கள்.

வாய்தாவைத் தவறவிடாதீர்கள். ஆஜராகாததால் மனு தள்ளுபடியானால், மாநில ஆணையத்தில் 45 நாளுக்குள் மேல்முறையீடு செய்துதான் மீட்க வேண்டியிருக்கும். வர முடியாத நாளில் முன்கூட்டியே எழுத்தில் அவகாசம் கேளுங்கள். இறுதி விசாரணையன்று பேச்சுக்குப் பதில் இரண்டு மூன்று பக்க எழுத்துப்பூர்வ வாதுரையைக் கொடுத்தாலே போதும்.

இடையில் சிக்கலானால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள்.