செல்லுக்கு ஒரே ஒரு முடி: பிரைமரி சிலியம் பற்றிக் கேளுங்கள்

செல் உயிரியல் ஆய்வகத்தில் பிரைமரி சிலியத்தோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. வந்த கேள்விகளில் சில:

சிலியா என்றால் மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளுகிற குறுஇழைகள்தானே மேடம்?

அவை அசைகிற சாதி. ஒரே செல்லில் கூட்டமாக இருக்கும். நான் சொல்வது செல்லுக்கு ஒன்றே ஒன்று, தானாக அசையாது, நீளம் சில மைக்ரோமீட்டர். உள்ளே ஒன்பது ஜோடி நுண்குழல்கள் வட்டமாக நிற்கும். அசையும் இழைகளில் நடுவே இருக்கும் இரண்டும் இதில் இல்லை. 1898-லேயே ஸிம்மர்மன் மனிதச் சிறுநீரகச் செல்களில் இதைப் பார்த்து, உணரும் உறுப்பாக இருக்கலாம் என்று ஊகித்தார். பிறகு நெடுங்காலம் இதைக் குடல்வால்போல உபயோகமில்லாத மிச்சம் என்ற கணக்கில்தான் வைத்திருந்தார்கள்!

செல்லின் ஆன்டெனா என்கிறார்களே, சரியா?

பாதிதான் சரி. என்னைக் கேட்டால், வாசலில் காவல் போட்ட சின்ன அறை என்பேன். யார் உள்ளே, யார் வெளியே என்பதுதான் இங்கே செய்தியே.

ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையைப் பாருங்கள். ஹெட்ஜ்ஹாக் என்பது கரு வளரும்போது செல்களுக்குச் செய்தி கொண்டுவரும் ஒரு புரதம். சும்மா இருக்கும்போது பேட்ச்டு என்ற புரதம் சிலியத்தில் இருந்துகொண்டு, ஸ்மூதன்டு என்ற இன்னொரு புரதத்தை உள்ளே சேரவிடாமல் தடுக்கும். அப்போது கிளி புரதங்கள் வெட்டுப்பட்டு, மரபணுக்களை அடக்கும் வடிவம் பெறும். (பச்சைக்கிளி இல்லை, கிளையோமா என்ற மூளைப் புற்றுநோயில் முதலில் கிடைத்ததால் வந்த பெயர்.) ஹெட்ஜ்ஹாக் வந்து ஒட்டியதும் பேட்ச்டு வெளியேறும், ஸ்மூதன்டு உள்ளே நுழையும், கிளி வெட்டுப்படாமல் உட்கருவுக்குப் போய் மரபணுக்களை முடுக்கும். ஸ்மூதன்டு உள்ளே வருவதை 2005-லும் பேட்ச்டு வெளியேறுவதை 2007-லும் கண்டார்கள்.

அப்படியானால் சிலியம் இல்லையென்றால் சமிக்ஞை நின்றுவிடும், அவ்வளவுதானே?

அங்கேதான் சிக்கல். முடுக்கும் வடிவத்துக்கு மட்டுமல்ல, அடக்கும் வடிவம் ஒழுங்காக உருவாகவும் சிலியம் வேண்டும். அதனால் முடுக்கும் வடிவம் முக்கியமான நரம்புக்குழாயில் (கருவில் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் பகுதி) சமிக்ஞை குறையும். கருவில் கை கால் முளைக்கும் மொட்டிலோ அடக்க ஆளில்லாமல் ஆறாவது விரல் முளைக்கும்.

என் அம்மாவுக்குச் சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டி, பரம்பரை என்றார் டாக்டர். இதற்கும் சிலியத்துக்கும் என்ன சம்பந்தம்?

சிகிச்சை பற்றி அவரிடமே கேளுங்கள். காரணத்தை மட்டும் சொல்கிறேன். அந்தப் பரம்பரை நோயில் பெரும்பாலும் பழுதாவது பாலிசிஸ்டின் 1 அல்லது 2 என்ற புரதம். இரண்டுமே சிலியத்தில் இருப்பவை. தொடர்பு பிடிபட்டது ஒரு பச்சைப்பாசியால். கிளாமிடோமோனாஸ் என்ற அந்தப் பாசியின் நீளிழைக்குள் (அதுவும் சிலியத்தின் இனம்தான்) சரக்கு ரயில்போல ஏதோ மேலும் கீழும் ஓடுவதை 1993-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். அந்த ரயிலின் ஒரு புரதத்துக்கான மரபணுவும் நீர்க்கட்டிச் சிறுநீரகம் கொண்ட ஒரு வகை எலியில் பழுதான மரபணுவும் ஒன்றே என்று 2000-ல் தெரிந்தது.

சிறுநீர் ஓட்டத்தில் சிலியம் வளைந்தால் கால்சியம் உள்ளே பாயும், கட்டி வராமல் காப்பது அதுதான் என்று பாடப்புத்தகங்கள் எழுதின. 2016-ல் நேரடியாக அளந்தவர்கள் அப்படிப் பாயவில்லை என்றார்கள். சண்டை ஓயவில்லை.

எல்லாச் செல்லிலும் உண்டா அக்கா?

இல்லை. சிவப்பணுவில் கிடையாது. இருக்கும் செல்லிலும் நிரந்தரமில்லை: சிலியத்தின் அடியில் இருக்கும் சென்ட்ரியோல் என்ற குட்டி உருளை, செல் பிரியும்போது வேறு வேலைக்குத் தேவை, அதனால் முன்கூட்டியே சுருட்டிக்கொள்ளும். நாங்கள் வளர்க்கும் செல்களில் சிலியத்தைப் பார்க்க வேண்டுமானால், அவற்றுக்கு ஊட்டமாகச் சேர்க்கும் சீரத்தை (இரத்த நீர்) குறைத்து ஒரு நாள் பட்டினி போடுவோம். பிரிவதை நிறுத்திவிட்டு முடி வளர்க்கும்.