ஆயிரம் பேர் பேசும் மொழியில் அப்படி என்ன இருக்கிறது?

"உலகத்துக்கு ஏழாயிரம் மொழிகள் எதற்கு? ஆயிரம் பேர் பேசும் மொழியில் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது? எல்லோருக்கும் ஒரே மொழி என்றால் வசதிதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதிலுக்கு எனக்கு ஒரு மொழி போதும்: துயூக்கா. கொலம்பியாவும் பிரேசிலும் சந்திக்கும் வாப்பேஸ் ஆற்றுப் பகுதியில், அமேசான் காட்டுக்குள், ஏறத்தாழ ஆயிரம் பேர் பேசுவது.

"அவன் கால்பந்து விளையாடினான்" என்று தமிழில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று வாக்கியம் கேட்காது. துயூக்கா கேட்கும். கண்ணால் பார்த்திருந்தால் வினைச்சொல்லின் கடைசியில் 'வி' வர வேண்டும். சத்தம் மட்டும் காதில் விழுந்திருந்தால் 'டி'. ஆளில்லாத மைதானத்தில் அவன் கால்தடத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டிருந்தால் 'யி'. பிறர் சொல்லிக் கேட்டதற்கு ஒரு விகுதி; "இந்நேரம் விளையாடியிருப்பான்" என்ற ஊகத்துக்கு இன்னொன்று. ஆக ஐந்து. இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அந்தச் செய்தியைச் சொல்லி முடிக்கவே முடியாது.

நம்மிடமும் இதில் ஒரு துளி உண்டு. "வந்தானாம்" என்பதில் வரும் 'ஆம்'. ஆனால் அதை விரும்பினால் போடுவோம், இல்லாவிட்டால் விட்டுவிடுவோம். துயூக்காவைப் பற்றிப் படித்த பிறகுதான் என் பேச்சில் எத்தனை 'ஆம்' காணாமல் போகிறது என்று கவனித்தேன். காதுவழிச் செய்தியையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவன்போலச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த வட்டாரத்தில் இன்னொன்றும் உண்டு. பிள்ளைக்கு அப்பாவின் மொழிதான் சொந்த மொழி. அதே மொழிக்காரர்கள் பங்காளி முறை, அங்கே பெண் எடுக்கக் கூடாது. அதனால் அம்மா வேறொரு மொழியோடுதான் வீட்டுக்குள் வருகிறார். மூன்று நான்கு மொழி பேசுவது அங்கே பெரிய சாதனை இல்லை, சாதாரண வளர்ப்பு.

800க்கு மேற்பட்ட மொழிகள் இருக்கும் பாப்புவா நியூ கினியாவில், ஒக்சாப்மின் மக்கள் எண்ணும் விதமும் எனக்குப் பிடிக்கும். ஒரு கையின் கட்டைவிரலில் தொடங்கி, தோள், காது, கண் என்று ஏறி மூக்குக்கு வந்தால் 14. மறுபக்கம் இறங்கிச் சுண்டுவிரலைத் தொட்டால் 27. உறுப்பின் பெயர்தான் எண்ணின் பெயர்.

வசதிக்கு வருகிறேன். அந்தமானில் 'போ' மொழியைப் பேசிய கடைசி மனுஷி, மூத்த போவா, 2010 ஜனவரியில் இறந்தார். சுற்றியிருந்தவர்களோடு பேச இந்தி கற்றிருந்தார். நீங்கள் சொல்லும் பொது மொழி அவரிடம் இருந்தது. "தூங்கினாயா" என்று அவர் மொழியில் கேட்கத்தான் பல வருடங்களாக ஆள் இல்லை.

எல்லா மொழியும் அப்படியே போய்விடுவதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வாம்பனோவாக் மொழியை நூறாண்டுக்கு மேல் யாரும் பேசவில்லை. அந்தக் குலத்தைச் சேர்ந்த ஜெஸ்ஸி லிட்டில் டோ பெயர்ட் என்பவர் 1990களில், முன்னோர் எழுதிவைத்த பத்திரங்களையும் 1663இல் அச்சான அந்த மொழி பைபிளையும் வைத்துக்கொண்டு அதை மீட்க இறங்கினார். பிறகு பிறந்த அவருடைய மகள் தொட்டிலிலேயே அந்த மொழியைக் கேட்டு வளர்ந்தாள்.