ஹப்பில் கை வைத்துப் பாருங்கள்: படகு ட்ரெய்லர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒன்ராறியோவில் மீன்பிடிப் படகு இழுப்பவர்களுடையவை. சிம்கோ ஏரிக்கும் ரைஸ் ஏரிக்கும் போய் வருகிற, ஒற்றை அச்சு ட்ரெய்லரில் ஏற்றிய 16 முதல் 19 அடிப் படகுகளை மனதில் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

ஸ்காபரோவில் இருந்து: அண்ணை, என்ர வாகனம் 3,500 இறாத்தல் இழுக்கும் எண்டு புத்தகத்தில கிடக்கு. வாங்கப்போற 19 அடிப் படகு 1,850 இறாத்தல் எண்டு போட்டிருக்கிறாங்கள். தாராளம்தானே?

இல்லைத் தம்பி. 1,850 என்பது எஞ்சின் இல்லாத வெறும் படகு ஓட்டின் எடை. 115 குதிரைவலு ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் ஏறத்தாழ 370 இறாத்தல். 100 லீற்றர் பெற்றோல் 160. இரண்டு பற்றரி 100. ட்ரெய்லர் மட்டும் 800 அளவில் வரும். நங்கூரம், ஐஸ் பெட்டி, தூண்டில் சாமான் என்று இன்னொரு 150 போடுங்கள். கூட்டினால் 3,400ஐத் தாண்டுகிறது. அதோடு வாகனத்துக்குள் நாலு பேரும் சாமானும் ஏறினால் இழுக்கக்கூடிய எடை குறையும். அந்தக் கணக்கும் அதே புத்தகத்தில் இருக்கும்.

இன்னொன்று: வாகனம், ஹிட்ச் (வாகனத்தின் பின்னால் உள்ள கொழுவி), போல் மவுண்ட் (அதில் செருகும் சட்டம்), போல் (அதன் மேல் உள்ள உருண்டை), கப்ளர் (அந்த உருண்டையைக் கவ்வும் ட்ரெய்லர் முனை), ரயர் என்று ஒவ்வொன்றிலும் ஓர் எடை அளவு பொறித்திருக்கும். அதில் எது சிறியதோ அதுதான் உங்கள் எல்லை. ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவோ அதற்கு மேலோ இருந்தால் ட்ரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும். 3,400 இறாத்தல் என்பது 1,540 கிலோ. பிரேக் இல்லாத ட்ரெய்லரை மலிவாகத் தருகிறான் என்று அந்தப் படகுக்கு வாங்கிவிடாதீர்கள். கல், மண் விற்கிற யார்டிலோ பழைய இரும்புக் கடையிலோ உள்ள தராசில் ஒருமுறை ஏற்றி நிறுத்துப் பார்த்தால் சந்தேகமே இல்லை.

ஏஜாக்ஸில் இருந்து: 90க்கு மேல போனா ட்ரெய்லர் வால் ஆட்டுது. ரயர் புதுசு. என்ன பிழை?

முன்பாரம் போதவில்லை. கப்ளர் போலின் மேல் அழுத்துகிற எடை, மொத்த எடையில் 7 முதல் 10 வீதம் இருக்க வேண்டும். 5 வீதத்துக்குக் கீழே போனால் ஆட்டம் தொடங்கும். 3,000 இறாத்தல் என்றால் 210 முதல் 300 வரை.

அளப்பது சுலபம். குளியலறைத் தராசு ஒன்று, அதே உயரத்துக்குச் செங்கல், உறுதியான ஒரு மரக்கட்டை. கட்டையின் ஒரு முனையைச் செங்கல்லிலும் மறு முனையைத் தராசிலும் வையுங்கள். ட்ரெய்லரின் முனையைச் செங்கல்லில் இருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இறக்குங்கள். தராசு காட்டுவதை மூன்றால் பெருக்குங்கள். சில்லுகளுக்குக் கட்டை போட்டு, ட்ரெய்லர் சமமட்டமாக நிற்கும்போதுதான் அளக்க வேண்டும்.

குறைந்தால் முதலில் பின்னால் கிடக்கிற ஐஸ் பெட்டி, நங்கூரத்தை முன்னுக்குத் தள்ளுங்கள். போதாவிட்டால் படகை இழுத்துப் பிடிக்கிற வின்ச் பூட்டிய கம்பத்தை முன்னே நகர்த்திப் படகையும் முன்னுக்கு இழுக்க வேண்டும். படகின் பின்பலகை ட்ரெய்லர் தாங்கிகளைவிட்டு வெளியே தொங்கக் கூடாது. அப்படித் தொங்கினால் படகு இன்னும் முன்னுக்கு வர வேண்டும், அல்லது ட்ரெய்லர் அந்தப் படகுக்குக் கட்டை என்று அர்த்தம்.

ஓடும்போது ஆட்டம் வந்தால் பிரேக்கை மிதிக்காதீர்கள், அக்சிலரேற்றரையும் அழுத்தாதீர்கள். காலை எடுத்துவிட்டு, ஸ்ரியரிங்கை நேராகப் பிடித்தபடி வேகம் தானாகக் குறைய விடுங்கள். எதிர்ப்பக்கம் வெட்டித் திருத்தப் பார்ப்பதுதான் ஆளைக் குப்புறப் போடும்.

மார்க்கம் நகரில் இருந்து: பெயரிங்குக்கு கிறீஸ் அடிக்கிற மூடி பூட்டியிருக்கு, வருசா வருசம் பம்ப் பண்ணுறன். கழட்டிப் பாக்கத்தான் வேணுமோ?

கட்டாயம் வேணும். பெயரிங்குக்குள் தண்ணீர் போகிற வியாதி படகு ட்ரெய்லருக்கு மட்டும் ஏன் வருகிறது என்றால், ஒரு மணித்தியாலம் ஓடிச் சூடான ஹப்பை, அதாவது பெயரிங் இருக்கிற சில்லின் நடுக்குடத்தை, குளிர்ந்த தண்ணீருக்குள் இறக்குகிறோம். உள்ளே இருக்கிற காற்று சட்டென்று சுருங்கி, பின் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஸ்பிரிங் மூடி உள்ளே கொஞ்சம் அழுத்தத்தை வைத்து அதைத் தடுக்கிறது, உண்மைதான். ஆனால் அளவுக்கு மீறிப் பம்ப் பண்ணினால் அதே பின் சீல் பிதுங்கி வெளியே வரும். சில்லின் உட்பக்கத்தில் வெளிப்பக்கம் நோக்கிச் சிதறிய கிறீஸ் கோடு தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

வேலையை மே மாதத்துக்குத் தள்ளாமல் ஒக்ரோபரில் செய்யுங்கள். உள்ளே போன தண்ணீர் குளிர்காலம் முழுக்க ஒரே இடத்தில் நின்றால் உருளைகளில் துரு பிடித்து, வசந்தத்தில் முதல் ஓட்டத்திலேயே கடிக்கத் தொடங்கும்.

மூடி, கொட்டர் பின் (நட் கழராமல் குத்தியிருக்கிற பின்), நட், வொஷர், வெளிப் பெயரிங், பிறகு ஹப் என்று கழற்றுங்கள். பழைய கிறீஸ் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, உருளைகளையும் ஹப்புக்குள் இருக்கிற வளையத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். நீலம் பாரித்த நிறம், குழி, நகத்தில் தட்டுப்படுகிற கீறல், எது இருந்தாலும் பெயரிங்கும் வளையமும் சோடியாக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது காசைத் தண்ணீரில் போடுவது. 3,500 இறாத்தல் அச்சில் அநேகமாக உள்ளே எல்68149, வெளியே எல்44649 இருக்கும். சிறிய நேரான 1 1/16 அங்குல அச்சு முனைத் தண்டில் இரண்டுமே எல்44649. ஆனாலும் பழையதில் பொறித்த இலக்கத்தைப் பார்த்தே வாங்குங்கள்.

உள்ளங்கையில் கிறீஸை வைத்துப் பெயரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மற்றப் பக்கத்தால் பிதுங்கி வரும்வரை நிரப்ப வேண்டும். வெளியே பூசிவிடுவது போதாது. மரைன் கிறீஸ் மட்டும். வேறு வகைக் கிறீஸோடு கலந்தால் சிலது இளகி ஓடிவிடும். சீல் ஒவ்வொரு முறையும் புதிது. நட்டை ஹப்பைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு முழுதாகத் தளர்த்தி, விரலால் மட்டும் திருகி நிறுத்துங்கள். கொட்டர் பின் ஓட்டை பொருந்தாவிட்டால் இறுக்காமல், தளர்த்திப் பொருத்துங்கள். அதிகம் இறுக்கியதால் எரிந்த பெயரிங்குகள்தான் கூட. கொட்டர் பின்னும் ஒவ்வொரு முறையும் புதிது.

பிரம்டனில் இருந்து: ரயரின்ர பூ இன்னும் அப்படியே கிடக்கு, ஏழு வருசம் ஆச்சு. ஓடலாமோ?

வேண்டாம். ட்ரெய்லர் ரயர் தேய்ந்து சாவதில்லை, வயதில்தான் சாகும். பக்கச்சுவரில் டிஓடி குறியீட்டின் கடைசி நாலு இலக்கங்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஐந்து, ஆறு வருடத்தில் மாற்றிவிடுங்கள். காற்றைப் பக்கச்சுவரில் எழுதிய உச்ச அளவுக்கே அடியுங்கள், ரயர் குளிர்ந்திருக்கும்போது. ரயர் தாங்கும் பாரத்தைச் சொல்கிற லோட் ரேஞ்ச் சி என்றால் வழமையாக 50 பிஎஸ்ஐ, டி என்றால் 65. கார் ரயர்போல 35 அடித்து ஓடினால் சுவர் மடிந்து மடிந்து சூடேறி, பூ பட்டையாகக் கழன்று மட்கார்ட்டையும் லைற் வயரையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போகும். ட்ரெய்லருக்கென்று வருகிற எஸ்ரி வகை ரயர் பலவற்றுக்கு வேக எல்லை மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீற்றர். ஹைவே 400இல் எல்லோரும் 120இல் போகிறார்கள் என்பது அந்த ரயருக்குத் தெரியாது.

மிசிசாகாவில் இருந்து: வழியில ரயர் போனா மாத்த என்னென்ன கொண்டுபோக வேணும்?

சாமான் பெட்டியைவிட முக்கியம், வீட்டு வாசலில் ஒருமுறை மாற்றிப் பார்ப்பது. அதுவும் ரயரில் காற்றை முழுதாக இறக்கிவிட்டு. அப்போதுதான் உங்கள் ஜக் அச்சுக்குக் கீழே நுழையாது என்று தெரியவரும். காருடன் வந்த ஜக் ட்ரெய்லருக்குப் பொருந்துவது அரிது. காரின் நட்டுக்கு 19 மில்லிமீற்றர் என்றால் ட்ரெய்லருக்குப் பெரும்பாலும் 13/16 அங்குல சொக்கெற்.

கொண்டுபோக வேண்டியவை: உயரம் குறைந்த சின்ன ஜக், அதற்குக் கீழே வைக்க அகலமான பலகை, சில்லுத் தடுப்பு இரண்டு, நீட்டுக் கைப்பிடியும் சொக்கெற்றும், காற்று நிறைத்த ஸ்பெயர் (அதன் காற்றையும் மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள்), முக்கோணப் பிரதிபலிப்பான், மின்னும் ஜக்கெற், தலையில் கட்டும் லைற். இவற்றோடு பெயரிங், சீல், கிறீஸ் எல்லாம் போட்டு முடித்த ஒரு முழு ஹப்பைப் பையில் சுற்றி வைத்திருங்கள், நட், வொஷர், கொட்டர் பின் இரண்டோடு. தெருவோரத்தில் வளையம் தட்டி ஏற்ற முடியாது, ஹப்பை அப்படியே மாற்ற முடியும்.

மாற்றும்போது ட்ரெய்லர் வாகனத்தில் கொழுவியபடியே இருக்கட்டும். ஹான்ட் பிரேக் போட்டு, மற்றச் சில்லுக்கு இருபக்கமும் தடுப்பு வைத்து, நட்டுகளை நிலத்தில் இருக்கும்போதே தளர்த்துங்கள். ஜக்கை ஸ்பிரிங் தட்டுக்குப் பக்கத்தில் அச்சின் கீழே வையுங்கள், அச்சின் நடுவில் வைத்தால் வளையும். ஸ்பிரிங்குக்குப் பதிலாக உள்ளே ரப்பர் உள்ள ரோர்ஷன் அச்சு என்றால் ட்ரெய்லர் சட்டத்தின் கீழே. நட்டை இறுக்கும் அளவு 1/2 அங்குல ஸ்டட்டுக்கு 90 முதல் 120 அடி-இறாத்தல். 13 அங்குலச் சில்லுகளுக்குக் குறைவு, அச்சுக்காரரின் புத்தகத்தைப் பாருங்கள். 80 கிலோமீற்றர் ஓடிய பிறகு மீண்டும் இறுக்குங்கள்.

இடதுபக்க ரயர் ஹைவேயில் போனால் மாற்றவே வேண்டாம். ஓரத்தால் மெல்ல ஊர்ந்து அடுத்த வெளிவழிக்குப் போங்கள். றிம் நாசமானால் ஆகட்டும். ஊர முடியாவிட்டால் எல்லோரும் வலதுபக்கத்தால் இறங்கிக் காவல் தடுப்புக்கு அப்பால் நின்று உதவிக்கு அழையுங்கள். உங்கள் வீதி உதவித் திட்டம் ட்ரெய்லரையும் சேர்க்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள். பல அடிப்படைத் திட்டங்கள் வாகனத்தை மட்டும்தான் இழுக்கும்.

விற்பியில் இருந்து: இடது சிக்னல் போட்டா ரெண்டு பக்கமும் மங்கலா மின்னுது.

எர்த் பிழை. நாலு வயரில் வெள்ளை எர்த், பிரவுண் பின்லைற், மஞ்சள் இடதும் பிரேக்கும், பச்சை வலதும் பிரேக்கும். ஒரு தனி வயரால் வாகனத்தின் சட்டத்தையும் ட்ரெய்லர் சட்டத்தையும் தொடுத்துப் பாருங்கள். சரியாக எரிந்தால் வெள்ளை வயர் பூட்டிய ஸ்குரூவைக் கழற்றி, துருவைச் சுரண்டி, திரும்பப் பூட்டுங்கள். பழைய குமிழ் லைற் என்றால் தண்ணீரில் இறக்க முன் பிளக்கைக் கழற்றுங்கள். சூட்டோடு நனைந்தால் குமிழ் வெடிக்கும்.

ஒரு சகோதரி கேட்டது: அண்ணா, றிவேர்ஸ் எடுக்கேக்க ட்ரெய்லர் எதிர்ப்பக்கம் போகுது.

தங்கச்சி, ஸ்ரியரிங்கின் அடியில் கையை வையுங்கள். ட்ரெய்லர் எந்தப் பக்கம் போக வேணுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். சிறிதாக, மெதுவாக. மடங்கத் தொடங்கினால் முன்னே எடுத்து நேராக்குங்கள், அதில் வெட்கம் இல்லை. சேர்ஜ் பிரேக் (வாகனம் மெதுவாகும்போது ட்ரெய்லரின் தள்ளலால் தானாகப் பிடிக்கும் பிரேக்) உள்ள ட்ரெய்லர் மேட்டில் பின்னுக்குப் போகாமல் இறுகினால் ஐந்தாவது நீல வயர் றிவேர்ஸ் லைற்றோடு இணைந்திருக்கிறதா பாருங்கள்.

ஓஷாவாவில் இருந்து: தண்ணியில இருந்து எடுத்தாப் பிறகு என்ன செய்ய வேணும்?

படகுக்குள் இருக்கிற தண்ணீர் வடிய அடிமூடியைக் கழற்றுங்கள். 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் அது சட்டம்: வீதியில் இழுக்கும்போது மூடி கழன்றிருக்க வேண்டும், படகிலும் ட்ரெய்லரிலும் நீர்ப்பாசி, செடி ஒட்டியிருக்கக் கூடாது. வின்ச் பட்டியை மட்டும் நம்பாமல் மூக்குக்குத் தனிச் சங்கிலி, பின்னால் இரண்டு பட்டி. ஹிட்ச் சங்கிலிகளைக் கப்ளருக்குக் கீழே குறுக்காக மாற்றிக் கொழுவுங்கள், கழன்றால் முனை நிலத்தில் குத்தாமல் அதில் தங்கும்.

பரியில் இருந்து: ஹப் சூடாகுதோ எண்டு எப்பிடி அறியிறது?

முதல் 20 கிலோமீற்றரில் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஹப்பின் நடுவில் புறங்கையை வையுங்கள். இளஞ்சூடு சரி. வைத்திருக்க முடியாவிட்டால், அல்லது ஒரு பக்கம் மற்றதைவிட நன்றாகச் சூடாக இருந்தால், பெயரிங் போகிறது. பிரேக் உள்ள அச்சு பொதுவாகவே சூடாக இருக்கும், அதனால் இரு பக்கத்தையும் ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். புகை வந்திருந்தால் தண்ணீர் ஊற்றாமல் ஆற விட்டு, சில்லைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். பெயரிங்கின் உள்வளையம் தண்டோடு ஒட்டிப் பிடித்து, ஹப் கழன்று வராவிட்டால் கையிருப்பு ஹப்பும் உதவாது. அந்த நிலையில் ஒரு கிலோமீற்றரும் ஓடாதீர்கள், சில்லு தண்டோடு கழன்று முந்திக்கொண்டு போகும். தட்டு லொறியைக் கூப்பிட்டு, படகோடு ஏற்ற வேண்டும் என்பதையும் நீளத்தையும் எடையையும் முதலே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் சின்ன லொறி வந்து திரும்பிப் போகும்.