காலடி விளக்கை எல்.இ.டி.யாக மாற்றலாமா?

கேள்வி: ஜப்பானிலிருந்து இறக்கிய பழைய டொயோட்டா கார் வைத்திருக்கிறேன். டேஷ்போர்டுக்கு அடியில் கால் வைக்கும் இடத்தில் எரியும் விளக்கு மங்கிப்போய்விட்டது. எல்.இ.டி. பல்பு வாங்கி மாட்டினால் போதுமா? (வாசகர், ரங்கூன்)

பதில்: போதும். ஆனால் பழைய பல்பைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். பெரும்பாலும் அது டி10 எனப்படும் 5 வாட் கண்ணாடி பல்பாக இருக்கும். சில வண்டிகளில் இரு முனையிலும் உலோகக் குப்பி வைத்த நீள பல்பு இருக்கும். அதில் 31, 36, 41 மி.மீ. என்று பல அளவுகள் உண்டு, 5 மி.மீ. குறைந்தாலும் பிடிக்குள் நிற்காது.

ஒளி எந்தப் பக்கம் விழுகிறது என்பதையும் பார்த்து வாங்குங்கள். பழைய பல்பு நாலாபக்கமும் வெளிச்சம் தரும், எல்.இ.டி. அப்படியல்ல. ஹோல்டர் தரையைப் பார்த்து நின்றால் நுனியில் சிப் (ஒளி தரும் சில்லு) உள்ளது வேண்டும். ஹோல்டர் படுத்திருந்தால் பக்கவாட்டில் சிப் உள்ளது வேண்டும். 'மாற்றியும் வெளிச்சம் இல்லை' என்ற குறை பெரும்பாலும் இதனால் வருவதுதான். ஒளியின் நிற அளவு 3000 முதல் 4000 கெல்வினுக்குள் இருக்கட்டும். 6000-க்கு மேற்பட்ட நீல வெள்ளை இரவில் கண்ணைக் கூசவைக்கும். 'வோல்ட் 10–30' என்று போட்டிருந்தால் நல்லது. இன்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் 14.4 வோல்ட் வரை ஏறும்; வெறும் ரெசிஸ்டர் (மின்தடை) மட்டும் வைத்த மலிவு பல்பு அதில் சீக்கிரம் கருகிவிடும்.

வேலையைத் தொடங்குமுன் 'டோம்' என்று எழுதிய ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். டொயோட்டாவில் கதவு சுவிட்ச் பொதுவாக எர்த் பக்கத்தில்தான், அதாவது பாடியோடு சேரும் மைனஸ் பக்கத்தில்தான், இருக்கும். அதனால் கதவு மூடியிருந்தாலும் ஹோல்டரின் ஒரு முனையில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அது பாடியில் பட்டால் ஃபியூஸ் போய்விடும். மூடியைப் பிளாஸ்டிக் நெம்பியால் நெம்புங்கள், ஸ்குரூ டிரைவர் கிளிப்பை உடைத்துவிடும். அங்கே மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக்குடையது, தொடாதீர்கள்.

மாட்டியும் எரியவில்லை என்றால் பல்பைத் திருப்பிப் போடுங்கள், பிளஸ்-மைனஸ் மாறியிருக்கும். மேடுபள்ளத்தில் மட்டும் விட்டு விட்டு எரிந்தால், பல்பின் இரண்டு கம்பிக் கால்களையும் கொஞ்சம் வெளியே வளைத்துவிடுங்கள். கால்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது.

இடதுபக்க விளக்கை முதலில் மாற்றுங்கள். இங்கே பர்மாவில் 1970 முதல் சாலையின் வலப்புறம்தான் ஓட்டுகிறோம். உங்களுடையதைப் போன்ற வலப்பக்க ஸ்டீயரிங் ஜப்பான் வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருபவர் இடக்கதவைத் திறந்து, வண்டிகள் போகும் பக்கமே இறங்குகிறார். அவர் கால் வைக்கும் இடத்தில் வெளிச்சம் அவசியம். அந்தக் கதவின் அடியில் சிவப்பு மூடி விளக்கு இருந்தால் அதற்குச் சிவப்பு எல்.இ.டி.யே போடுங்கள், வெள்ளை போட்டால் வெளிறித் தெரியும்.

கேள்வி: கதவைச் சாத்திய பிறகும் புது பல்பு லேசாக மினுங்குகிறது. பேட்டரி இறங்கிவிடுமா? (வாசகர், பெகு)

பதில்: இறங்காது. மெல்ல அணையும் வசதி உள்ள வண்டியில் அந்த மின்னணு சுவிட்ச் வழியாகச் சில மில்லி ஆம்பியர் கசியும். பழைய பல்பின் இழை அதில் சூடேறாது, எல்.இ.டி.க்கு அதுவே போதும். 5 மில்லி ஆம்பியர் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 0.12 ஆம்பியர்-மணிதான். மினுங்கல் பிடிக்கவில்லையென்றால் 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டரை பல்பின் இரு முனைகளுக்கும் குறுக்கே சோல்டர் செய்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடுகாட்டினால் சுருங்கிப் பிடிக்கும் உறை) போடுங்கள். 'கேன்பஸ்' என்று விற்கும் பல்பு (பல்பு பழுது என்ற எச்சரிக்கை வராமலிருக்கக் கூடுதல் ரெசிஸ்டர் வைத்தது) இந்த இடத்துக்கு வேண்டாம். அந்த ரெசிஸ்டர் சூடாகி, மூடிய கூட்டில் பிளாஸ்டிக்கை இளக்கிவிடலாம். கதவு மூடியும் முழு வெளிச்சத்தில் எரிந்தால் அது கசிவு அல்ல. கதவு சுவிட்ச் அழுந்தாமல் சிக்கியிருக்கிறது. அதைச் சும்மா விட்டால் பேட்டரி இறங்கும்.

கேள்வி: மழைக்காலம் வந்தால் இடதுபக்க பல்பு மட்டும் அடிக்கடி போகிறது. ஏன்? (வாசகர், தாட்டோன்)

பதில்: தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள், ஈரமாக இருக்கும். வலப்பக்க ஸ்டீயரிங் வண்டிகளில் ஏ.சி.யின் குளிர்கூடு பொதுவாக இடதுபக்க டேஷ்போர்டுக்குள் இருக்கும்; அதன் வடிகுழாய் அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். ஏ.சி.யைப் போட்டுக் கால் மணி நேரம் நிறுத்தி வையுங்கள். வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டாவிட்டால் குழாய் அடைப்புதான். அடைப்பை எடுத்து, விரிப்பை நன்றாகக் காயவைத்து, ஹோல்டரில் பச்சை பூத்திருந்தால் சுரண்டித் துடைத்து, சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவி, அதன் பிறகு புது பல்பு போடுங்கள்.