பேச்சு தடைபட்டவர்களோடு பேசுவது: கேள்வி பதில்

செங்கோட்டை: அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது. புனலூரில் கடை நடத்தியவர். தண்ணீர் வேண்டுமென்றால் ‘சாவி’ என்கிறார், நடுவில் மலையாளம் வருகிறது. புத்தி பேதலித்துவிட்டதா?

இல்லை. இது அஃபேசியா. பெரும்பாலானோருக்கு மொழி இடப்பக்க மூளையில்தான் இருக்கிறது. அங்கே அடிபட்டால் நினைத்தது ஒன்று, வாயில் வருவது ஒன்று. சிலருக்கு நாம் பேசுவது புரிவதும் குறையும்.

மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்று கேட்டால் தண்ணீரைக் கொடுங்கள், ‘தமிழ்ல சொல்லுங்கப்பா’ என்று திருத்த வேண்டாம். இரண்டு மொழியும் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் திரும்பும் என்றில்லை.

டிவியை அணைத்துவிட்டு எதிரே உட்காருங்கள். ‘கஞ்சியா, இட்லியா, மாத்திரை போட்டாச்சா’ என்று அடுக்காமல் ஒரு நேரத்தில் ஒன்றே கேளுங்கள். கேட்டபின் மனசுக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலும் நாலு எண்ணுவதற்குள் வீட்டில் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள், அங்கேதான் கெடுகிறது.

நம் ஊர்த் தலையாட்டலை நம்பாதீர்கள். ஆமாம், சரி, பார்க்கலாம் எல்லாவற்றுக்கும் ஒரே ஆட்டம். போதாததற்கு அஃபேசியாவில் ஆமாமும் இல்லையும் இடம் மாறும். இடது கையில் கட்டைவிரல் தூக்கினால் ஆமாம், விரித்த கை இல்லை என்று பழக்குங்கள். ‘காபி வேணுமா?’ என்றால் ஆமாம், ‘டீ வேணுமா?’ என்றாலும் ஆமாம் என்றால் அந்தப் பதில் செல்லாது. இரண்டு டப்பாவையும் முன்னால் வைத்துத் தொடச் சொல்லுங்கள்.

தண்ணீர் குடிக்கையில் புரையேறினால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்பீச் தெரபியைத் தள்ளிப்போட வேண்டாம்.

கம்பம்: அண்ணனுக்குச் சொல் சரியாகத்தான் வருகிறது, ஆனால் குழறல். பாதி புரிவதில்லை.

இங்கே பழுது நாக்கு, உதட்டுத் தசைகளின் கட்டுப்பாட்டில். எழுத்து அட்டை நன்றாக உதவும். 247 எழுத்தும் வேண்டாம். உயிர் 12, சொல்லுக்கு முதலில் வரும் க, ச, ஞ, த, ந, ப, ம, ய, வ. கூடவே டாக்டர், ரேஷன், லாரி, ஜன்னலுக்காக ட, ர, ல, ஜ. மொத்தம் 25, ஐந்துக்கு ஐந்து கட்டம். அடியில் ‘தப்பு’, ‘முதலிலிருந்து’ என்று இரண்டு பெட்டி. ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் எழுத்தைத் தொட்டுவிட்டுச் சொல்லட்டும். கேட்பவருக்குத் துப்பு கிடைக்கும், பேசுபவர் வேகமும் தானாகக் குறையும்.

புரியாததற்கு ‘ம்ம்’ கொட்டாதீர்கள். புரிந்தவரை திருப்பிச் சொல்லி, விட்டதை மட்டும் கேளுங்கள்: ‘நாளைக்குப் போகணும், சரி. எங்கே?’

கொழிஞ்சாம்பாறை, மளிகைக் கடை: திக்கிப் பேசும் வாடிக்கையாளருக்கு நாமே முடித்துச் சொல்லலாமா?

கூடாது. ‘மெதுவாச் சொல்லுங்க’வும் வேண்டாம். முகத்தைப் பார்த்து, முடிக்கும்வரை நில்லுங்கள்.

குமுளி: ஆச்சிக்குக் காது மந்தம். கத்தினால் கோபப்படுகிறார்.

கத்தினால் உதட்டசைவு கோணிப்போகும், ஒலியும் சிதறும். மூன்று நான்கு அடி தள்ளி, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று பேசுங்கள். ஒருமுறை புரியாவிட்டால் வேறு சொல்லில் சொல்லுங்கள். காது மெஷினுக்குப் புது பட்டன் பேட்டரி போடும்போது ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்துப் போடுங்கள். அது காற்றில் இயங்கும் ஜிங்க் பேட்டரி.