சட்டம் கேளுங்கள்: புது லாரி ஒர்க்‌ஷாப்பிலேயே நின்றால்

கேள்வி: தவணையில் 34 லட்சத்துக்குப் புது லாரி எடுத்து நானே ஓட்டுகிறேன். ஐந்து மாதத்தில் ஆறு முறை ஒர்க்‌ஷாப் போய்விட்டது. டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் பவர் குறைந்துவிடும். “புகையைச் சுத்தமாக்க ஊற்றும் யூரியா சரியில்லை, துறைமுக க்யூவில் மணிக்கணக்கில் ஐட்லிங்கில் (நின்றபடியே இன்ஜின் ஓட) விடுகிறீர்கள்” என்கிறது ஷோரூம். வேறு வண்டி கேட்க முடியுமா?
– வாசகர், மாதவரம்

பதில்: கேட்கலாம். ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் முதல் ஆட்சேபணையே, “லாரி தொழிலுக்கு வாங்கியது, இவர் நுகர்வோர் அல்ல” என்றுதான் வரும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய பொருளுக்கு இந்தத் தடையிலிருந்து விலக்கு தருகிறது. லாரியை வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே, லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் சொல்லிவிட்டது. கூட ஒரு கிளீனர் இருப்பதால் இது மாறாது. ஆர்சி, உங்கள் ஹெவி லைசென்ஸ், டிரிப் ஷீட் மூன்றையும் மனுவோடு சேருங்கள். பிழைப்புக்காக வாங்கி ஓட்டுகிறேன் என்ற வரி மனுவிலேயே இருக்க வேண்டும். அது விடுபட்டால், நல்ல வழக்குகூட முதல் படியிலேயே விழுந்துவிடும்.

அடுத்து, ஷோரூம் சொல்லும் காரணம். அதில் பாதி உண்மை உண்டு. ஐட்லிங்கில் சைலன்சர் பக்கம் போதிய சூடு ஏறாது. டிபிஎஃப்பில் படிந்த கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும். ஆனால் லோடு ஏற்றி ஹைவேயில் ஒரே சீராக ஓட்டிய பிறகும் விளக்கு எரிந்தால், குறை சென்சாரிலோ இன்ஜெக்டரிலோ இருக்கலாம். ஒவ்வொரு முறையும் ஃபால்ட் கோடு (வண்டியின் கம்ப்யூட்டர் காட்டும் பிழை எண்) பிரிண்டும், கரி அளவும், கடைசி ரீஜெனரேஷன் (கரியை எரித்துச் சுத்தம் செய்வது) எப்போது நடந்தது என்பதும் எழுத்தில் வாங்குங்கள். யூரியா பில்களைச் சேர்த்து வையுங்கள். யூரியா டேங்கிலிருந்து ஒரு லிட்டர் எடுத்து, சுத்தமான பிளாஸ்டிக் கேனில் ஷோரூம் ஆள் முன்னிலையில் சீல் வையுங்கள். இரும்பு டப்பா கூடாது. ஐஎஸ்ஓ 22241 தரப்படி யூரியா அளவு 32.5 சதவீதம் இருக்க வேண்டும்.

ஜாப் கார்டில் உங்கள் புகார் நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே ஏற வேண்டும். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டி உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி, கிலோமீட்டர் மூன்றும் இருந்தால்தான் வருமான இழப்பைக் கணக்குக் காட்ட முடியும்.

உற்பத்திக் குறை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. பெரும்பாலான வழக்குகள் தோற்பது நிபுணர் அறிக்கை இல்லாததால்தான். 38-ஆம் பிரிவின்படி வண்டியைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லி ஆரம்பத்திலேயே மனுப் போடுங்கள். மாற்று வண்டி ஒன்றை மட்டும் கேட்பதும் ஆபத்து. பாகத்தை மாற்றினால் சரியாகும் என்றால் முழு வண்டி தர வேண்டியதில்லை என்று 2006-இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே மாற்று வண்டி, இல்லையேல் வட்டியோடு பணம், அதுவும் இல்லையேல் செலவில்லாமல் முழுப் பழுதுநீக்கமும் நஷ்டஈடும் என்று வரிசையாகக் கேளுங்கள். கம்பெனி, டீலர் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள்.

கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். உங்கள் 34 லட்சத்துக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் பதிவு செய்யலாம், ஆனால் அந்தப் பதிவு கெடுவை நிறுத்தாது.

கேள்வி: வழக்கு முடியும் வரை டியூ கட்டாமல் இருக்கலாமா?

பதில்: கூடாது. கடன் ஒப்பந்தம் தனி. டியூ நின்றால் வண்டியையே தூக்கிவிடுவார்கள். அப்புறம் சோதனைக்குக் காட்ட வண்டி இருக்காது.

கேள்வி: என்னிடம் பன்னிரண்டு லாரி, எல்லாவற்றுக்கும் டிரைவர் உண்டு. எனக்கும் இதே வழிதானா?
– வாசகர், செங்குன்றம்

பதில்: இல்லை, உங்களுடையது வணிக நோக்கம். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவையும் வாரண்டியையும் வைத்து, மூன்று வருடத்துக்குள் வணிக நீதிமன்றம் போக வேண்டும். அவசர உத்தரவு கேட்காவிட்டால், முதலில் சமரசப் பேச்சு கட்டாயம்.